சிறுமீன் ஏரி

1882ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். கனடா நாட்டின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைத்தொடரின் ஊடே இருப்புப்பாதை அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. நிலம் அளப்போர்க்கு வேண்டிய உணவையும் கருவிகளையும் குதிரைகள்மேல் ஏற்றிக் கொண்டுசெல்லும் தொழிலில் டாம் வில்சன் என்னும் இளைஞர் ஈடுபட்டிருந்தார். ஒருநாள் அவர் போ என்னும் ஆற்றின் அருகே கூடாரம் அடித்துத் தங்கியபோது, மலைகளின் நடுவிலிருந்து இடி முழங்கினாற் போன்ற பேரொலி எழுந்தது. சற்றே அடங்கிப் பின்னும் எழுந்தது. அருகில் தங்கியிருந்த ஸ்டோனி நகோடா என்னும் பழங்குடி மக்களிடம் அவர் அவ்வொலியைப் பற்றி வினவினார். சிறுமீன் ஏரிக்கு மேலே நிற்கும் பனிமலையிலிருந்து வரும் ஒலியே அது என்று அவர்களுள் ஒருவர் விடை கூறினார். எட்வின் ஹன்டர் என்பது அவர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளது. மறுநாள் அவர் வழிகாட்டிச் செல்ல, வில்சன் அடர்ந்த ஊசியிலைக் காட்டினூடே ஏறிச் சென்றார். காடு முடிந்த இடத்தில் நீலமும் பசுமையும் கலந்த நிறத்தில் ஓர் ஏரி விரிந்து கிடந்தது. அதன் மறுகரைக்கு அப்பால் வெண்பனி போர்த்த பெருமலை ஒன்று வானளாவி நின்றது.

வில்சன் அதற்கு மரகத ஏரி என்று பெயரிட்டார். அப்பெயர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியாரின் நான்காம் மகளும், கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த லார்ன் பிரபுவின் மனைவியுமாகிய லூயிஸ் இளவரசியின் பெயர் அதற்கு இடப்பட்டது. அன்று முதல் அது லூயிஸ் ஏரி ஆயிற்று. ஏரி அமைந்துள்ள ஆல்பர்ட்டா மாநிலமும் அவ்விளவரசியின் பெயரைத் தாங்கியதே. லூயிஸ் கரோலின் ஆல்பர்ட்டா என்பது அவருடைய முழுப்பெயர். அவர் இவ்வேரியைக் கண்டதே இல்லை. ஏரிக்கு மேலே நிற்கும் பனிமலைக்குப் பின்னாளில் விக்டோரியா என்னும் பெயர் வாய்த்தது. ஆகவே மலைக்குத் தாயின் பெயரும், அம்மலையின் பனி உருகி வந்து நிறையும் ஏரிக்கு மகளின் பெயரும் அமைந்தன. பெயரிட்டோர் எண்ணிச் செய்தனரோ இல்லையோ, பொருத்தம் நன்றாகவே அமைந்துவிட்டது. எனினும் வில்சன் இவ்வேரியைக் ‘கண்டுபிடித்தார்’ என்று நூல்கள் எழுதுவது ஏற்புடையதன்று. அதற்கு முன்னரே அதனை அறிந்து, பெயரிட்டு, வழியும் காட்டிய மக்கள் இருந்தனர் அல்லரோ?

லூயிஸ் ஏரி கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,730 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அகலம் அரைக் கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் ஆழம் 70 மீட்டர். பரப்பால் நோக்கின் இது பெரிய ஏரி அன்று. கனடா நாட்டில் இதனினும் பன்மடங்கு பெரிய ஏரிகள் எண்ணற்றவை உள்ளன. ஆயினும் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் இதனை நாடி வருகின்றனர். ஏரியை உள்ளடக்கிய பான்ஃப் தேசியப் பூங்காவிற்கு இந்நாளில் ஆண்டுதோறும் 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இவ்வேரிக்கரையில் ஒரு நாழிகையேனும் நில்லாமல் திரும்புவதில்லை.

அவர்களைக் கவர்ந்திழுப்பது ஏரியின் நிறம். அந்நிறம் வானத்தின் நிழல் அன்று. முகில் மூடிய நாளிலும் அது மங்கி மறைந்துவிடுவதில்லை. நீரில் சாயம் கலந்துவிட்டனரோ என்று புதிதாகக் காண்போர் ஐயுறுவர். அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், ஏரியை விட்டு அதற்கு மேலுள்ள பனியாற்றை நோக்குதல் வேண்டும்.

உயர்ந்த மலைகளில் குளிர்காலத்தில் பொழியும் வெண்பனி கோடையில் முழுதும் உருகிவிடுவதில்லை. எஞ்சியதன் மேல் மறு ஆண்டின் பனி படிகிறது. இவ்வாறு பல நூறு ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்த பனி, தன் சுமையாலேயே அழுந்திக் கெட்டியான கட்டியாக இறுகுகிறது. கட்டி பருத்தபின் அது நிலைத்து நிற்பதில்லை. சரிவை நோக்கி மெல்ல மெல்ல நகரத் தொடங்குகிறது. கண்ணால் காண இயலாத அளவுக்கு அந்நகர்வு மெதுவானது. ஆயினும் அது நகர்வதால் அதனைப் பனியாறு என்கின்றனர். நீராறு மண்ணை அரித்துச் செல்லும். பனியாறோ பாறையையே பெயர்த்துச் செல்லும். அதன் அடியில் உறைந்து ஒட்டிக்கொண்ட கற்கள், கீழுள்ள பாறையின்மேல் அழுத்தித் தேய்க்கப்படுகின்றன. அம்மியும் குழவியும் போலக் கீழ்க்கல்லும் மேற்கல்லும் உராய்கின்றன. அதனால் பாறை அரைபட்டு, விரலால் தொட்டாலும் மணல் என்று தோன்றாத அளவுக்கு நுண்ணிய மாவாகிறது. அறிவியலார் இதற்கு இட்ட பெயரும் பாறைமாவு என்பதே.

கோடையில் பனி உருகும்போது அம்மாவு உருகிய நீருடன் கலந்து ஓடையாய் ஏரியை அடைகிறது. ஓடையின் நீர் சாம்பல் கலந்த பால் போல் இருக்கும். ஏரியை அடைந்தபின் பெருமணல் விரைவில் அடியில் தங்கிவிடுகிறது. மிக நுண்ணிய மாவோ தங்காது, நெடுநாள் நீரில் மிதந்துகொண்டே இருக்கிறது. ஞாயிற்றின் ஒளியில் பல நிறங்கள் அடங்கியுள்ளன என்பதை மாணவர் அறிவர். அவற்றுள் செந்நிற ஒளியை நீர் தானே விழுங்கிவிடுகிறது. எஞ்சிய நீலத்தையும் பசுமையையும் நீரில் மிதக்கும் மாவு நாற்புறமும் சிதறச் செய்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அதனாலேயே ஏரி நீலப் பச்சையாய்த் தோன்றுகிறது. வேனில் தொடங்கிப் பனிமூடி விலகும்போது ஏரியின் நிறம் கருநீலமாகவே இருக்கும். அப்போது மாவின் வரவு குறைவு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உருக்கம் மிகுந்து மாவும் மிகுந்து வரவே, ஏரி தன் முழு ஒளியும் பெறுகிறது. ஆகவே காண்போர் போற்றும் அழகெல்லாம் அரைபட்ட கல்லின் அழகே ஆகும்.

ஏரிக்கு இடம் வகுத்ததும் அப்பனியாறே. ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற பனியூழிக் காலத்தில் அது இன்றுள்ள எல்லையைக் கடந்து, பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பிக் கிடந்தது. தன் வழியில் பள்ளம் தோண்டிற்று. சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் தன் முனையில் கரையாகக் குவித்தது. பனி பின்வாங்கியபோது, தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்தது. குவித்த கரை அந்நீரைத் தடுத்து நிறுத்திற்று. மனிதர் வெட்டும் ஏரிக்கும் பள்ளமும் கரையும் வேண்டும். இவ்வேரிக்கு இரண்டையும் பனியே அமைத்துத் தந்தது. ஏரிக்கரையில் இன்று நிற்கும் பெரிய விடுதி அக்கற்குவியலின்மேல்தான் எழுப்பப்பட்டுள்ளது. அவ்விடத்தில் 1890ஆம் ஆண்டில் மரத்தாலான சிறு குடில் ஒன்றையே கனடியப் பசிபிக் இருப்புப்பாதைக் கழகத்தார் முதலில் கட்டினர். புகைவண்டியில் ஏறுவதற்கு மக்கள் வேண்டும். மக்கள் வருவதற்கு அழகிய இடம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இங்கு வருவோர் பொழுதுபோக்கும் வகை பலவாகும். ஏரியின் வடகரையை ஒட்டிச் சமமான நடைபாதை உண்டு. முதியோரும் குழந்தைகளும் அதன்வழி மறுகோடிவரை செல்லலாம். துடுப்புப் படகுகளை வாடகைக்குப் பெற்று நீரின்மேல் உலவுவோரும் உளர். இயந்திரப் படகுகளுக்கு இங்கே இடமில்லை. ஆதலின் துடுப்பு நீரைத் தொடும் ஒலியும், மலையிலிருந்து அவ்வப்போது எழும் பனிச்சரிவின் முழக்கமுமே செவியில் விழும். குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்துவிடும். நவம்பரில் உறையும் நீர் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில்தான் முழுதும் இளகும். உறைந்த ஏரியின்மேல் காலில் சறுக்குக் கத்தி கட்டிக்கொண்டு சிறுவரும் பெரியோரும் சறுக்கி விளையாடுவர்.

கால் வலிமை உடையோர் மலைவழிகளில் ஏறுவர். அவ்வழிகளுள் இரண்டு புகழ் பெற்றவை. இரண்டின் முடிவிலும் தேநீர் விடுதி ஒன்று உண்டு. ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் நடந்து, 400 மீட்டர் உயரம் ஏறினால் ஆக்னஸ் ஏரி என்னும் மற்றொரு சிறு ஏரி வரும். அதன் கரையிலுள்ள சிறு மனை 1901ஆம் ஆண்டில் நடைப்பயணிகள் ஒதுங்குவதற்காக அமைக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு முதல் அங்கே தேநீர் வழங்கி வருகின்றனர். மின்விளக்கு இல்லை, வண்டி செல்லும் பாதையும் இல்லை. நாள்தோறும் வேண்டும் புதிய பொருள்களைப் பணியாளர் தம் முதுகில் சுமந்தே மேலே கொண்டுவருகின்றனர். குளிர்ந்த காற்றில் மூச்சு வாங்க ஏறி வந்தவர்க்கு அங்கே கிடைக்கும் ஒரு குவளைத் தேநீர் எத்துணைச் சுவையுடையதாக இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இரண்டாவது வழி, ஆறு பனியாறுகளின் சமவெளி எனப்படும் இடத்திற்குச் செல்வது. ஏரியின் முழுநீளத்தையும் கடந்து, பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல்களின் ஓரமாக ஐந்தரைக் கிலோமீட்டர் நடந்தால் அங்குள்ள தேநீர் விடுதியை அடையலாம். அதனை 1920களில் சுவிட்சர்லாந்து நாட்டு மலைவழிகாட்டிகள் கட்டினர். அவர்கள் அங்கு வந்த வரலாறு பின்னே கூறப்படும்.

வழியில் பாறை இடுக்குகளிலிருந்து சீழ்க்கை ஒலி கேட்கும். அது மார்மட் என்னும் கொழுத்த மலை அணில் எழுப்பும் எச்சரிக்கை. செப்டம்பர் இறுதியில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகிப் பின் உதிரும். ஊசியிலை மரங்கள் என்றும் பசுமையானவை என்று கற்றோர்க்கு இது வியப்பாகவே இருக்கும். கிரிஸ்லி என்னும் பெருங்கரடியும் இக்காட்டில் உலவுகிறது. ஆகவே நடப்போர் உரக்கப் பேசிக்கொண்டு செல்லுதல் நலம். மனித ஒலி கேட்டால் கரடி பெரும்பாலும் விலகிச் சென்றுவிடும். அண்மையிலுள்ள சில வழிகளில், சில பருவங்களில், நால்வருக்குக் குறைந்த குழுவினர் செல்லலாகாது என்று பூங்கா அலுவலர் ஆணையிடுவதும் உண்டு.

கரடியினும் அஞ்சத்தக்கது நீரின் தண்மை. ஏரி அமைதியாய்த் தோன்றுகிறது. கரையில் வெயிலும் இனிதாய்க் காய்கிறது. இளைஞர் சிலர் நீரில் பாய்ந்து நீந்த விழைகின்றனர். நேற்றுவரை பனிக்கட்டியாய் இருந்த நீர் அது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழில் பனித்தல் என்னும் சொல்லுக்கு நடுங்குதல் என்பதும் ஒரு பொருள். அதனை இந்நீரில் கை வைத்த அளவிலேயே உணரலாம். மிகக் குளிர்ந்த நீரில் வீழ்ந்தவர்க்கு நேர்வதைக் கனடா நாட்டு அறிஞர் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்பவர் ஆராய்ந்து, நினைவிற்கொள்ள எளிதாக ஒன்று, பத்து, ஒன்று என மூன்று எண்களில் அடக்கிக் கூறியுள்ளார். முதல் ஒரு நிமிடத்தில் மூச்சு தன்வயம் இழந்து திணறும். அப்போது தலை நீருள் அமிழ்ந்தால் நீரை உட்கொள்ள நேரும். அடுத்த பத்து நிமிடங்கள் வரையில்தான் கைகால்கள் பயனுற இயங்கும். அதன்பின் நன்கு நீந்தத் தெரிந்தவரும் நீந்த மாட்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பம் குறைந்து உணர்வு ஒடுங்கும். மக்கள் பெரும்பாலும் மூன்றாவதற்கு அஞ்சுகின்றனர்; உயிர் போவதோ பலமுறை முதல் இரண்டினாலேயே. மிதப்புச் சட்டை அணிந்தவர்க்கு அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்கு மேலே நிற்கும். படகு கவிழ்ந்தால், கரை அண்மையில் இருப்பதாய்த் தோன்றினாலும் உடனே நீந்த முற்படாமல், படகைப் பற்றிக்கொண்டு மூச்சை நிலைப்படுத்துதலே முதற்கடமை. பின்னர்க் கையில் வலிமை உள்ளபோதே படகின்மேல் தொற்றி ஏறிக்கொள்ளல் வேண்டும்.

ஏரிக்கும் மனிதரால் தீங்கு நேர்வதுண்டு. 2016ஆம் ஆண்டில் இதே பூங்காவிலுள்ள ஜான்சன் ஏரியில் மீன்களுக்கு ஒரு புதிய நோய் கண்டது. அந்நோயுற்ற இளமீன்கள் தம் வாலைத் துரத்துவன போலச் சுழன்று சுழன்று நீந்தும். கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுயிரால் விளையும் இந்நோய், ஈரம் உலராத படகிலும், சேறு படிந்த காலணியிலும் ஒளிந்து ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குச் செல்லவல்லது. ஆதலால் சொந்தப் படகு கொண்டுவருவோர் அதனைக் கழுவி, நீர் வடித்து, நன்கு உலர்த்திய பின்னரே மற்றோர் ஏரியில் இறக்குதல் வேண்டும் என்பது விதி. சிறுமீன் ஏரி என்னும் பழம்பெயரை நினைவில் கொண்டோர்க்கு இவ்விதி கடுமையாகத் தோன்றாது.

இனி ஏரிக்கு மேலுள்ள மலைகளுக்குச் செல்வோம். விக்டோரியா மலைக்கும் அதன் அண்டையிலுள்ள லெஃப்ராய் மலைக்கும் இடையே உயரமான கணவாய் ஒன்று உள்ளது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த நால்வர் அக்கணவாய் வழியே லெஃப்ராய் மலையின் உச்சியை நோக்கி ஏறினர். அவர்களுள் ஒருவர் பிலிப் அபாட் என்னும் வழக்கறிஞர். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறிப் பழகியவர். குழுவில் வல்லவராக மதிக்கப்பட்டவர். உச்சி அண்மையில் தெரிந்தது. செங்குத்தான பாறை ஒன்றில் முன்னே ஏறிச் சென்ற அவர் பிடி தவறி, நண்பர்களைக் கடந்து பனிச்சரிவில் உருண்டு வீழ்ந்தார். நண்பர் அரிதின் முயன்று இறங்கி அவரை அடைந்தபோது சிறிது உயிர் இருந்தது; விரைவில் அதுவும் நீங்கிற்று. வட அமெரிக்காவில் மலையேற்றத்தில் நேர்ந்த முதல் உயிரிழப்பு இதுவே என்பர்.

வீண் விளையாட்டுக்காக உயிரை இழப்பது தகுமா என்று பலர் கண்டித்தனர். அக்கேள்வியை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. உடன் சென்ற நண்பர்களோ மலையை வெறுத்து ஒதுங்கவில்லை. வழியறிந்த ஒருவர் துணையின்றிச் சென்றதே பிழை என்று கொண்டனர். மறு ஆண்டு அதே ஆகஸ்டு 3ஆம் நாள், பீட்டர் சார்பாக் என்னும் சுவிஸ் வழிகாட்டியுடன் ஒன்பதின்மர் லெஃப்ராய் உச்சியை அடைந்தனர். அபாட்டின் தோழர் இருவரும் அவர்களுள் இருந்தனர். பழைய வழியையே பின்பற்றிய அவர்கள் அவ்விடத்தைக் கடக்கும்போது என்ன நினைத்திருப்பர்!

இந்நிகழ்ச்சியால் ஒரு நன்மை விளைந்தது. 1899ஆம் ஆண்டு முதல் இருப்புப்பாதைக் கழகத்தார் சுவிட்சர்லாந்திலிருந்து தேர்ந்த வழிகாட்டிகளை ஊதியம் தந்து வரவழைத்தனர். தந்தைக்குப்பின் மகன், அண்ணனுக்குப்பின் தம்பி எனச் சில குடும்பத்தார் இத்தொழிலைக் கனடாவிலேயே தொடர்ந்து செய்து அங்கேயே குடியேறிவிட்டனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் ஆயிரக்கணக்கானோரை மலையேற்றினர். தம்மை நம்பி வந்தவருள் ஒருவரையும் மலைக்குப் பறிகொடுக்கவில்லை என்று மலையேறுவோர் இன்றும் பெருமையுடன் கூறுவர். பனியின் நிறத்தையும் காற்றின் திசையையும் கண்டு, உச்சி எத்துணை அருகில் இருப்பினும், இன்று ஏறலாகாது என்று சொல்லித் திரும்பும் துணிவு அவர்களிடம் இருந்தது. ஏறும் துணிவினும் அது அரியது.

அவ்வழிகாட்டிகள் 1922ஆம் ஆண்டில் அபாட் கணவாயில் கல்லாலான ஒரு புகலிடம் கட்டினர். இடத்தின் உயரம் 2,900 மீட்டருக்கு மேல். கல்லை அங்கேயே பெயர்த்துக்கொண்டனர். சீமைக்காரை, மரம், அடுப்பு, கட்டில் முதலியவற்றைக் குதிரைகளின்மேல் ஏற்றிப் பனியாற்றின்மீது கொண்டுசென்றனர். குதிரை செல்ல இயலாத இடத்தில் கயிறு கட்டி இழுத்தனர். அதற்கும் மேலே தம் முதுகில் சுமந்தனர். அவர்கள் சென்ற வழிக்கு மலையேறுவோர் இட்ட பெயர் ‘சாவுப்பொறி’ என்பது. இருபுறத்துப் பாறை முகடுகளிலிருந்தும் பனிக்கட்டி இடிந்து விழும் இடுக்கு அது. அவ்வழியே மரமும் காரையும் சுமந்தவர்தம் உறுதியை எவ்வாறு புகழ்வது! கணவாய் கண்டத்தின் நீர்பிரி மேட்டில் உள்ளது. அதன் ஒருபுறம் உருகும் நீர் லூயிஸ் ஏரி வழியாகப் போ ஆற்றில் கலந்து, நெடுந்தொலைவு ஓடி ஹட்சன் விரிகுடாவை அடைகிறது. மறுபுறம் உருகும் நீர் பசிபிக் பெருங்கடலைச் சேர்கிறது. இரு கடல்களுக்கும் நடுவே நின்ற அச்சிறு மனையில், ஏறக்குறைய நூறு ஆண்டுகள், புயலில் சிக்கிய மலையேறிகள் தஞ்சம் புகுந்தனர். 1992ஆம் ஆண்டில் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

காற்றையும் பனிப்புயலையும் தாங்கிய அம்மனையை வெப்பம் வென்றது. கணவாயின் சரிவில் கல்லையும் மண்ணையும் சிமிட்டி போலப் பிணைத்து நின்றது உள்ளே உறைந்திருந்த பனியே. காற்று வெப்பமடைய, அப்பனி இளகிற்று. பிணிப்புத் தளர்ந்து சரிவு இடியத் தொடங்கிற்று. 2018ஆம் ஆண்டில் மனையின் அடித்தளத்தருகே நிலம் பெயர்ந்திருக்கக் கண்டு அதனை மூடினர். சரிவைக் கம்பிகளால் இறுக்கிக் காக்க முயன்றும் பயனில்லாது போகவே, 2022ஆம் ஆண்டில், கட்டிய நூறாம் ஆண்டில், அதனைப் பிரித்து அகற்றினர்.

அதே வெப்பம் கீழே பனியாற்றையும் குறுக்கி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அப்பனி எதுவரை வந்திருந்தது என்பதை, ஆறு பனியாறுகளின் சமவெளிக்குச் செல்லும் வழியோரக் கற்குவியல்கள் வரைந்து காட்டுகின்றன. இன்று அக்குவியல்களுக்கு உட்புறம் வெறும் கல்வெளியாகவே தோன்றுகிறது. அதன் மேற்பகுதியில் கல்லுக்கு அடியில் இன்னும் பனி உண்டு. மேலே கிடக்கும் கற்கள் அதனைப் போர்வை போல் மறைத்துள்ளன. மேற்குக் கனடாவின் பனியாறுகளைப் பற்றி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 2005ஆம் ஆண்டில் இருந்த பனியின் அளவில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு 2100ஆம் ஆண்டிற்குள் மறையும் என்றும், ராக்கி மலைகளில் இழப்பு இன்னும் மிகுதியாகும் என்றும் கணித்துள்ளது. பனியாறு குறைந்தால் அரைப்புக் குறையும். அரைப்புக் குறைந்தால் மாவு குறையும். மாவு குறைந்தால் ஏரி தன் நீலப் பச்சையை இழந்து ஏனைய மலைநீர் போலத் தெளிந்து கருநீலமாகும். ஏரி இருக்கும்; வில்சன் கண்ட நிறம் இராது. உலக நாடுகள் அவை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளின் பாதுகாப்பு ஆண்டாக அறிவித்தது இத்தகைய இழப்புகள் பலவற்றை உளங்கொண்டே ஆகும்.

பூங்காவினர் தம்மால் இயன்றதைச் செய்துவருகின்றனர். லூயிஸ் ஏரிக்கு அண்மையிலுள்ள மொரெய்ன் ஏரிக்குச் செல்லும் ஒடுங்கிய சாலையில் 2023ஆம் ஆண்டு முதல் தனியார் ஊர்திகளை விடுவதில்லை. பயணிகள் பொதுப் பேருந்தில் ஏறியே செல்லுதல் வேண்டும். கதிரவன் எழுமுன் வந்து வண்டி நிறுத்த இடம் பிடிக்கும் போட்டி அங்கே ஓய்ந்தது. முன்போல் நினைத்த நேரத்தில் செல்ல இயலவில்லையே என்று குறைகூறுவோரும் உளர்.

ஆறு பனியாறுகளின் தேநீர் விடுதியைக் கடந்து இன்னும் சற்று மேலே சென்றால், கற்குவியலின் முகட்டில் வழி முடிகிறது. அங்கிருந்து நிமிர்ந்து நோக்கினால் சாவுப்பொறியும் அதன் தலைப்பில் அபாட் கணவாயும் தெரியும். முன்பெல்லாம் கூரிய கண்ணுடையோர் கணவாயின் வான்விளிம்பில் ஒரு சிறு புள்ளியாக அக்கல்மனையைக் கண்டு, உடன் வந்தோர்க்கு விரல் நீட்டிக் காட்டுவர். இப்பொழுது அவ்விடம் வெறுமையாக உள்ளது. விக்டோரியா மலையின் மேல் தொங்கும் பனி மட்டும், வெயில் ஏறிய பிற்பகல்களில், அவ்வப்போது உடைந்து முழங்குகிறது.